பாட்டிமார் அசையாமல் இருந்தாலும் அணையாத விளக்கு: ஈஎஸ்பி32 செய்முறை

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயிலில், மாலைப் பூசை முடிந்ததும் பாட்டிமார் நாலைந்து பேர் திண்ணையில் உட்கார்ந்து கதை பேசுவார்கள். அங்கே இருந்தது 6500 கெல்வின், அதாவது வெள்ளை வெளேரென்ற டியூப் லைட். கிளினிக்கில் நம்பர் எடுத்துக் காத்திருக்கிற மாதிரி இருக்கும். ஆள் வந்தால் மெல்ல எரிந்து, போனால் மெல்ல அணையும் மஞ்சள் விளக்கு போட்டேன். முதல் நாளே பேச்சின் நடுவே அணைந்தது. "ஏன்டா தம்பி, நாங்க செத்துட்டோம்னு நெனச்சிட்டியா?" என்றார் ஒரு பாட்டி.

தப்பு நான் போட்டிருந்த பிஐஆர் சென்சாரில், அதாவது வெப்பத்தை வைத்து ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் சென்சாரில். உடல் வெப்பம் இடம் மாறினால்தான் அதற்குத் தெரியும். நம் ஊர் வெக்கையில் சுவரும் உடம்புச் சூட்டை நெருங்கிவிட்டால் நடப்பவரைக்கூடத் தவறவிடும். எனவே அதற்குப் பதில் எல்டி2410 ரேடார் சென்சார். மூச்சு விடும் அசைவே அதற்குப் போதும்.

1. வேண்டியவை: ஈஎஸ்பி32 (எல்லாவற்றையும் இயக்கும் வைஃபை உள்ள சின்னப் பலகை), ரேடார், இருட்டிவிட்டதா என்று பார்க்க பிஎச்1750 ஒளி அளவி, 12 வோல்ட் 2700 கெல்வின் (மஞ்சள்) எல்இடி பட்டை, 5 வோல்ட்டுக்கு இறக்கும் மாட்யூல், பட்டைக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட். மலிவு என்று ஐஆர்எஃப்520 மாஸ்ஃபெட்டை வாங்காதீர்கள். ஈஎஸ்பி32 தரும் 3.3 வோல்ட்டுக்கு அது முழுசாகத் திறக்காது, சூடேறும். ஐஆர்எல்இசட்44என் போதும்.

2. வயரிங் வழக்கம்போலத்தான். கிரவுண்ட் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். ரேடாரின் டிஎக்ஸ் (தகவல் அனுப்பும் முனை), ஈஎஸ்பியின் ஆர்எக்ஸுக்கு (வாங்கும் முனை), தகவல் போகும் வேகம் 256000 பாட்.

3. மென்பொருளுக்கு ஈஎஸ்பிஹோம்; எண்களைக் கீழே இருந்தே வைஃபையில் மாற்றலாம். புரோகிராம் எழுதிப் பழகியவர்கள் ஆர்டுயினோ என்பார்கள். ஒவ்வொரு எண்ணை மாற்றவும் ஏணியில் ஏற எனக்கு முட்டி இடம் கொடுக்காது.

4. இங்கேதான் ஒரு வாரம் போனது. ரேடாரைக் கூரையில் மாட்டினேன். விளக்கு விடிய விடிய எரிந்தது. பேய் என்றுகூடப் பேச்சு கிளம்பியது. பேய் இல்லை, காத்தாடி! சுற்றும் இறக்கையும் ரேடாருக்கு ஆள்தான். ரேடார் தூரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பார்க்கும்; காத்தாடி இருக்கும் கட்டத்தின் உணர்திறனைக் குறைத்தால், அதே தூரத்தில் இருக்கும் பாட்டியும் மறைந்துபோகிறார். கடைசியில் ரேடாரைத் தூணில், இடுப்பு உயரத்தில், திண்ணையைப் பார்த்து வைத்தேன். ஒரு கட்டம் 0.75 மீட்டர். எங்கள் காத்தாடி தூணிலிருந்து 4 மீட்டர்; ரேடார் பார்க்கும் அதிகபட்சத் தூரத்தைக் கட்டம் 4-இல், அதாவது 3 மீட்டரில் நிறுத்தினேன். பேய் ஓடிவிட்டது.

5. விளக்கு மெல்ல ஏறி முழுசாக எரிய 4 விநாடி. ஆள் போய் 2 நிமிடம் கழித்து 20 சதவீதத்துக்கு இறங்கி, இன்னொரு நிமிடம் நின்று, பிறகு அணையட்டும். செருப்பைத் தேடுபவருக்கு அந்த நிமிடம் வேண்டும். வெளிச்சம் கண்ணுக்குச் சீராக ஏறி இறங்க வைக்கும் காமா என்ற எண் ஈஎஸ்பிஹோமில் 2.8 என்றே இருக்கும், தொடாதீர்கள். 1 என்று மாற்றினால் மங்கல் வெளிச்சம் படிப்படியாக ஏறாமல் குபீரென்று ஏறும்.

பிற்சேர்க்கை: விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒளி அளவி பட்டைக்கு அடியில் இருந்திருக்கிறது. விளக்கு எரிந்ததும் 'வெளிச்சம் வந்துவிட்டது' என்று அணைக்கும், இருட்டானதும் திரும்ப எரியவைக்கும். அதை வெளிப்பக்கம் திருப்புங்கள். லக்ஸ் (வெளிச்ச அளவு) கணக்கை விளக்கு அணைந்திருக்கும்போது மட்டும் கேளுங்கள். எங்கள் திண்ணைக்கு 40 லக்ஸுக்குக் கீழே போனால் இருட்டு. உங்களுக்கு எப்போது இருட்டுகிறதோ அப்போது வரும் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.