ஸ்கோப் ரைஃபிளும் பவர் கண்ணாடியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்ததிலிருந்து, பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் லைசென்ஸ் துப்பாக்கிக்காரர்களுக்குத் தனி மவுசு. பலரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், மூக்கில் கண்ணாடி. ஸ்கோப் (தூரத்து இலக்கைப் பெரிதாக்கிக் காட்டும் குழாய்) மாட்டியவர்களிடமும், சும்மா ஏர் ரைஃபிளில் காகித இலக்கைச் சுடுகிறவர்களிடமும் ஒரே புலம்பல்தான்: “ஸ்கோப் சரியில்லீங்க, ஓரமெல்லாம் கருப்பாத் தெரியுது.”

பெரும்பாலும் ஸ்கோப்பில் கோளாறு இருக்காது. அதைக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மாட்டியிருப்பார்கள், இல்லையென்றால் கண்ணாடியே போடாத கடைக்காரர் தன் முகத்துக்குத் தோதாக மாட்டிக் கொடுத்திருப்பார். கண்ணுக்கும் ஸ்கோப்பின் பின்முனைக்கும் நடுவில் பொதுவாக 8 முதல் 10 சென்டிமீட்டர் வேண்டும், அதில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கண்ணாடியே தின்றுவிடுகிறது. இதைக் கணக்கில் வைக்காமல், படம் முழுசாகத் தெரிய வேண்டுமென்று முகத்தை முன்னால் நீட்டினால், பெரிய ரைஃபிளின் உதையில் ஸ்கோப் வந்து கண்ணாடியில் இடிக்கும், மூக்கில் ரத்தம் வரும். துப்பாக்கியில் குண்டு இல்லை என்று பார்த்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டு, ஜூமை உச்சத்தில் வைத்து, கண்ணை மூடிக் கன்னத்தைத் துப்பாக்கியின் பின்கட்டையில் பதியுங்கள். கண்ணைத் திறந்ததும் முழு வட்டமும் தெரியவில்லையா? நகர்த்த வேண்டியது ஸ்கோப்பை, தலையை இல்லை. படுத்துச் சுடுகிறவர் படுத்தும் பார்க்க வேண்டும், அப்போது முகம் இன்னும் முன்னால் போகும்.

அடுத்தது பின்முனை வளையம். இது ஸ்கோப்புக்குள் குறி பார்க்கும் குறுக்குக் கம்பியைத் தெளிவாக்கத்தான். இலக்கு மங்கலாக இருக்கிறதென்று இதைத் திருகுகிறவர்களே அதிகம். வெறும் வானத்தை (சூரியன் பக்கம் வேண்டாம்) இரண்டு மூன்று நொடி மட்டும் பார்த்து, கம்பி உடனே பளிச்சென்று இருக்கிறதா என்று கவனித்து, கண்ணை எடுத்துவிட்டுத் திருகுங்கள். முறைத்துக்கொண்டே திருகினால் கண் தானாகச் சமாளித்துக்கொள்ளும், கொஞ்ச நேரத்தில் வலிக்கும். 100 கெஜத்துக்கு அமைத்த ஸ்கோப்பில் 10 மீட்டர் காகிதம் மங்கலாகத்தான் தெரியும், அதற்கு உங்கள் கண்ணாடியைக் குறை சொல்லிப் பயனில்லை.

“அந்த வளையம்தான் இருக்கே, கண்ணாடி எதுக்கு?” என்று கேட்கிறவர்கள் தங்கள் கண்ணாடிச் சீட்டை எடுத்துப் பார்க்கட்டும். அதில் சிலிண்டர் பவர் (சிதறல் பார்வைக்கான பவர்) இருந்தால் வளையம் அதைச் சரிசெய்யாது. இல்லாவிட்டாலும், ஸ்கோப்பைத் தூக்கும் முன் புதரில் அசைவது பன்றியா, பக்கத்துத் தோட்டத்துக்காரரா என்று கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டாமா?

வெள்ளெழுத்துக்காகப் ப்ரோக்ரெசிவ் (மேலே தூரப் பவர், கீழே படிப்புப் பவர் என்று ஒரே வில்லையில் மாறுவது) போட்டவர்கள் பாடு தனி. கன்னம் கட்டையில் பதிந்தால் பார்வை வில்லையின் மேல்பக்கம், மூக்கை ஒட்டிய மூலை வழியாகப் போகும். ப்ரோக்ரெசிவில் ஓரங்கள் நெளியும், வியர்வையில் கண்ணாடி சறுக்கினால் ஃப்ரேமின் மேல்விளிம்பே குறுக்கே நிற்கும். உடனே தலையைத் தூக்குவார்கள், கன்னம் கட்டையை விட்டுவிடும், அப்புறம் குண்டு எங்கே போகிறதென்று யார் சொல்வது? ஸ்கோப்பில் படிப்புப் பவருக்கு வேலை இல்லை. தூரப் பார்வைக்கு மட்டும், உயரமான ஃப்ரேமில் தனியாக ஒன்று செய்துகொள்ளுங்கள். கோயம்புத்தூருக்குப் போகும்போது கடையில் துப்பாக்கி பிடிப்பதுபோலத் தலையைச் சாய்த்துக் காட்டி, மூக்குப்பட்டையை வளைத்துத் தரச் சொல்லலாம். சிரித்தால் சிரிக்கட்டும். வில்லை பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். தகரத்தில் பட்ட பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) திரும்பி வரும்.

வெயிலில் கறுக்கும் லென்ஸ் வேண்டாம், தோப்பு நிழலுக்குள் வந்தபின் தெளியவே சில நிமிடம் ஆகும். தை மாதப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் படியும் புழுதியை வேட்டி முனையால் துடைத்தால் கீறல்தான், முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பவர் மாறி புதுக் கண்ணாடி வந்தால் வளையத்தை மறுபடி பார்த்து, காகிதத்தில் நாலு குண்டு போட்டுப் பார்த்துவிட்டு வெளியே கிளம்புங்கள்.