உதடு ஒட்டாமல் ஒரு பத்தி: விதி போட்டு எழுதிப் பழகலாம்

தமிழில் நிரோட்டகம் என்றொரு பழைய சித்திரகவி, அதாவது எழுத்திலும் சொல்லிலும் வித்தை காட்டும் பாட்டு, வகை உண்டு. உதடு ஒட்டவும் கூடாது, குவியவும் கூடாது. அதனால் ப, ம, வ வரிசைகளோடு உ, ஊ, ஒ, ஓ, ஔ ஒலிகளும் விலக்கு. 17ஆம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் இதோடு யமகம் (ஒரே எழுத்துத்தொடர் வேறுவேறு பொருளில் திரும்பத் திரும்ப வருவது), அந்தாதி (ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாவது) என்ற இரண்டு கட்டுகளையும் சேர்த்துத் திருச்செந்தூர் முருகன்மேல் ஒரு நூலே பாடினார். வியக்கவைக்கும் வேலை. ஆனால் இன்று உரை இல்லாமல் அதைப் படிப்பது கடினம். விதி போட்டு எழுதுவதன் லாபமும் நட்டமும் அந்த ஒரு நூலிலேயே தெரிகின்றன.

நாம் எளிதாக்கிக்கொள்வோம்: ப, ம, வ மட்டும் விலக்கு.

படி 1: முதலில் விதியே இல்லாமல் எழுதுங்கள்.

"மாலையில் மழை நின்றது. அம்மா அப்பாவுக்காக வாசலில் காத்திருந்தாள்."

இந்தப் பிரதியை அழிக்காதீர்கள். பின்னால் ஒப்பிட இது கட்டாயம் வேண்டும்.

படி 2: வாய்விட்டுப் படித்து, விலக்கிய எழுத்து வரும் சொற்களை அடிக்கோடிடுங்கள். ப, ம சொல்லும்போது இரண்டு உதடும் ஒட்டும். வ சொல்லும்போது மேற்பல் கீழுதட்டைத் தொடும். மாலை, மழை, அம்மா, அப்பா, வாசல் எல்லாமே சிக்கிவிடும்.

படி 3: மாற்றி எழுதுங்கள்.

"அந்தியில் தூறல் நின்றது. தாய் தந்தைக்காகத் திண்ணையில் காத்திருந்தாள்."

படி 4: இங்கேதான் அவசரப்படக் கூடாது. ஒவ்வொரு மாற்றத்தையும் பழைய சொல்லோடு வைத்துப் பாருங்கள்.

வாசல் திண்ணை ஆனது எனக்குப் பிடித்திருக்கிறது. அவள் உட்கார்ந்துவிட்டாள், காத்திருப்பு நீண்டுவிட்டது. விதி இல்லாவிட்டால் கைக்கு முதலில் வந்த வாசலிலேயே நின்றிருப்போம். 'அந்தி'யும் நல்ல வரவு, பொழுது இன்னும் துல்லியமாகிறது.

மழை தூறல் ஆனது நட்டம். கொட்டித் தீர்த்த மழையைச் சொல்ல வந்திருந்தால், இப்போது நடக்காத ஒன்றை எழுதியிருக்கிறோம். தாய், தந்தை என்றதும் வீட்டுக்குள் இருந்த குரல் பாடப்புத்தகக் குரலாகிவிட்டது. இது அதைவிடப் பெரிய நட்டம். விதிக்குள் அடங்கிவிட்ட மகிழ்ச்சியில் எழுதுகிறவர் கண்ணுக்கு இது எளிதில் படாது.

படி 5: விதி எந்த இலக்கணத்தை வெட்டுகிறது என்று பாருங்கள். செய்வேன், படிப்பான், பெய்யும் என்று எதிர்காலம் பெரும்பாலும் வ், ப், உம் கொண்டே அமைகிறது. ஆகவே இந்த விதிக்குள் எதிர்காலம் ஏறக்குறைய இல்லை. நடந்துமுடிந்ததை நினைக்கும் காட்சிக்கு அது வலு. ஒருவன் "நாளைக்கு வருவேன்" என்று வாக்குக் கொடுக்கும் காட்சிக்கோ அது எமன். அங்கே வேறு விதியைத் தேடுங்கள்.

படி 6: விதியை மீறுங்கள். லாபமானதை வைத்துக்கொண்டு நட்டமானதைத் திருப்பிக்கொண்டு வாருங்கள்.

"அந்தியில் மழை நின்றது. அம்மா அப்பாவுக்காகத் திண்ணையில் காத்திருந்தாள்."

போட்டிக்கோ விளையாட்டுக்கோ எழுதினால் படி 3லேயே நிறுத்தலாம். அங்கே விதியைக் காப்பதே கலை. கதைக்கு எழுதுகிறவர்கள் படி 6 வரை போயே ஆக வேண்டும். இதே விதியைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டிருந்தால் மழை வரும் இடமெல்லாம் யோசிக்காமலே தூறல் என்று கை எழுதத் தொடங்கிவிடும். அப்போது விதியை மாற்றிவிடுங்கள்: அடுத்த பத்தியில் 'போல' என்ற சொல்லுக்குத் தடை.