மணியைக் கழித்துப் பார்த்துப் பயண நேரம் சொல்லாதீர்கள்

காலை 10 மணிக்குச் சென்னையிலிருந்து இரண்டு விமானங்கள் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று சிங்கப்பூருக்கு, இன்னொன்று துபாய்க்கு. முதலாவது தரையிறங்கும்போது சிங்கப்பூரில் மாலை 4.45. இரண்டாவது இறங்கும்போது துபாயில் மதியம் 12.45. டிக்கெட்டைப் பார்க்கிறவர்கள் துபாய் பக்கம், சிங்கப்பூர் தூரம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் இரண்டு ஊருமே மீனம்பாக்கத்திலிருந்து சுமார் 2,900 கிலோமீட்டர்தான். இரண்டுக்குமே நாலேகால் மணி நேரம் போல ஆகும். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் மணி. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி, துபாய் ஒன்றரை மணி நேரம் பிந்தி. இதைச் சேர்க்காமல் வெறுமனே கழித்தால் கணக்கு உதைக்கும்.

லண்டன் என்றால் இன்னும் ஒரு சிக்கல். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள். அதனால் வித்தியாசம் கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. ஜூன் மாதம் போய்வந்த கணக்கை டிசம்பரில் எடுத்துப் பேசக்கூடாது.

சரி, தூரத்தை வேகத்தால் வகுத்துவிடலாமே என்பார்கள் கணக்கில் புலிகள். லண்டன் சுமார் 8,200 கிலோமீட்டர், மணிக்கு 900 என்றால் ஒன்பது மணி நேரம். ஆனால் போய்ச் சேர பத்தரை, பதினொரு மணி நேரம் ஆகிறது. ஓடுபாதைக்கு வரிசையில் நிற்பதும், ஏறுவதும் இறங்குவதும் இந்தக் கணக்கில் இல்லை. மேலே மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசுகிறது. போகும்போது அது எதிர்காற்று, வரும்போது பின்னாலிருந்து தள்ளும். அதனால்தான் திரும்பும் பயணம் சீக்கிரம் முடிகிறது. போதாக்குறைக்கு, லண்டனுக்கான குறுக்குவழி தெற்கு உக்ரைன் மேலே போகிறது. 2022 போருக்குப் பிறகு பயணிகள் விமானம் எதுவும் அந்த வானத்தில் பறப்பதில்லை. சுற்றித்தான் போகவேண்டும்.

இத்தனையையும் விட, பணத்தைக் காலி செய்கிற தவறு ஒன்று இருக்கிறது: தேதி. சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் நிறைய நள்ளிரவு தாண்டித்தான் கிளம்புகின்றன. 15ஆம் தேதி 00.20 என்றிருந்தால், 14ஆம் தேதி ராத்திரி சாப்பாட்டை முடித்துக்கொண்டு, மூன்று மணி நேரம் முன்னதாக, ஒன்பது ஒன்பதரைக்கெல்லாம் விமான நிலையத்தில் இருக்கவேண்டும்.

எங்கள் அத்தை இப்படித்தான். சனிக்கிழமை டிக்கெட் என்று சனிக்கிழமை ராத்திரி தாம்பரத்திலிருந்து கால் டாக்ஸி பிடித்து ஜம்மென்று வந்து இறங்கினார். வாசலில் நின்ற காவலர் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது நேத்து ராத்திரியே போயிடுச்சே" என்றார். புது டிக்கெட் மூன்று நாள் கழித்துத்தான் கிடைத்தது. அப்புறம் என்ன, பேரனுக்குக் கட்டிய முறுக்கில் பாதி எங்கள் வீட்டிலேயே தீர்ந்துபோனது.