லீவு போடாமல் குடும்பத்தோடு ஊர் சுற்றியது: என் அனுபவம்

மதுரையில் வேலை, ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும் சண்டையோடுதான் திரும்புவோம். மகன் செல்போனை விட்டு நிமிரவே மாட்டான்.

முதலில் லீவைச் சேர்த்து வைத்துப் பெரிய டூர் போகலாம் என்று பார்த்தேன். மாதக்கடைசிக் கணக்கு வந்து லீவு ரத்தானது. அப்புறம் வாடகைக் காரில் கொடைக்கானல். வத்தலகுண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் மகளுக்கு வாந்தி, அதன்பின் வண்டி நகராத நெரிசல். பாதிப் பகல் ரோட்டிலேயே போனது.

சரியானது காலைப் பாசஞ்சரில் ராமேஸ்வரம் போனபோதுதான். ரிசர்வேஷன் வேண்டாம், லீவும் வேண்டாம். கவனித்துப் பார்த்தால் விஷயம் இருக்கையில் இருக்கிறது. காரில் எல்லோரும் முன்னால் பார்த்தே உட்காருகிறோம். பாசஞ்சரில் எதிரெதிர் பெஞ்சு. மானாமதுரை வருவதற்குள் புளிசாதப் பொட்டலம் பிரிந்தது, அம்மா தன் கல்யாணக் கதையை எடுத்தார், மகன் குறுக்குக் கேள்வி கேட்டான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில், நடுப்பகுதி கப்பலுக்காகச் செங்குத்தாக மேலே ஏறும் என்று அவன்தான் எங்களுக்கு விளக்கினான்.

ஒன்று மட்டும்: கிளம்பும் முன் காலண்டரைப் பாருங்கள். அமாவாசை என்றால் தர்ப்பணக் கூட்டத்தில் எதிரெதிர் பெஞ்சு என்ன, நிற்கவே இடம் கிடைக்காது.