கஞ்சாவைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச ஆரம்பிப்பது எப்படி?

போன வருடம் ஒரு சாயங்காலம், என் மகனோடு பத்தாம் வகுப்பு படிக்கும் பையனின் அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவருடைய மகனின் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் ஒரு சின்னப் பொட்டலம் இருந்திருக்கிறது. "எம்புள்ளகிட்ட இதப்பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லக்கா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது: நானும் பேசியதில்லை. மார்க், டியூஷன், செல்போன் என்று எல்லாம் பேசியாகிவிட்டது. இதை மட்டும் "நம்ம பிள்ளை அப்படி இல்லை" என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் படித்ததையும், மருத்துவரிடம் கேட்டதையும், தப்பாகப் பேசித் திருத்திக்கொண்டதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். எனக்கு 15 வயதில் மகன், 11 வயதில் மகள். இந்தப் பேச்சையே இதுவரை எடுக்காத பெற்றோருக்காக இது.

படி 1: முதலில் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்

"ஒரு தடவை இழுத்தாலே பைத்தியம் பிடிக்கும்" என்று சொல்லாதீர்கள். இழுத்துவிட்டு மறுநாள் நன்றாகக் கிரிக்கெட் ஆடும் பையனை உங்கள் மகன் பார்த்திருப்பான். அதன்பின் நீங்கள் சொல்லும் உண்மையையும் அவன் நம்ப மாட்டான்.

உண்மையே போதுமான அளவு கனமானது. மனித மூளை முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயது ஆகிறது. யோசித்து முடிவெடுக்கிற, ஆசையை அடக்குகிற முன்பகுதிதான் கடைசியாக முதிர்கிறது. கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி. என்கிற பொருள். அது ஞாபகத்தையும் கவனத்தையும் நேர உணர்வையும் குழப்புகிறது. படித்தது மண்டையில் நிற்காது. வண்டி ஓட்டினால் பிரேக் பிடிக்கத் தாமதமாகும். சிலருக்கு நெஞ்சு படபடத்து, செத்துவிடுவோமோ என்ற பயம் வந்துவிடும். பயன்படுத்துகிறவர்களில் சுமார் 10 பேரில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார். பதின்வயதில் ஆரம்பித்தவர்களில் அது 6 பேரில் ஒருவர். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு போன்ற நோய் இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். எங்கள் சொந்தத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார். அதை இத்தனை நாள் பிள்ளைகளிடம் மறைத்து வைத்திருந்தோம். இப்போது சொல்லிவிட்டேன். சர்க்கரை நோய் பரம்பரையில் இருப்பதைச் சொல்வதுபோல இதையும் சொல்லத்தான் வேண்டும்.

படி 2: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதல் தடவை நான் செய்தது பெரிய தப்பு. சாப்பாட்டுக்குப் பிறகு டிவியை அணைத்து, அவனை நடுவில் உட்கார வைத்து, நானும் வீட்டுக்காரரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். மூன்று தடவை "சரிம்மா" என்றான். எழுந்து போய்விட்டான்.

நேருக்கு நேர் முகம் பார்க்காத இடம்தான் இதற்கு நல்லது. ஸ்கூட்டரில் போகும்போது, சின்ன வெங்காயம் உரிக்கும்போது, மாடியில் துணி காயப்போடும்போது. டியூஷன் முடித்துக் கூட்டி வரும் வழியில் மதுரை தெப்பக்குளம் பக்கம் பருத்திப்பால் குடிக்க நிறுத்துவோம். அங்கேதான் எங்களுக்கு வாய்த்தது.

படி 3: சொல்வதற்கு முன்னால் கேளுங்கள்

"தம்பி, உங்க ஸ்கூல்ல பசங்க கஞ்சா பத்தியெல்லாம் பேசிக்கிறாங்களா?"

"ஏன் கேக்குற?"

"எனக்கு ஒண்ணும் தெரியலடா. உனக்குத்தான் தெரியும்."

சூடான டம்ளரைச் சட்டை நுனியால் பிடித்துக்கொண்டு, அடியில் தங்கிய தேங்காய்த் துருவலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சில பேரு இருக்காங்க. பேரு மட்டும் கேக்காத."

"கேக்க மாட்டேன்."

அவ்வளவுதான். பிறகு அவனே பத்து நிமிடம் பேசினான். "ஸ்டஃப்" என்று சொல்வார்கள், டென்ஷன் குறையும் என்பார்கள், வேண்டாம் என்றால் பாப்பா என்று கிண்டல் செய்வார்கள். பெயர் கேட்கமாட்டேன் என்ற வாக்கை இன்றுவரை காப்பாற்றுகிறேன். ஒரு தடவை அதை மீறினால் அடுத்த பத்து நிமிடம் கிடைக்காது. அவன் பேசும்போது "ஐயோ" என்றுகூட வாயைத் திறக்காதீர்கள்.

11 வயது மகளிடம் இவ்வளவு நீளம் தேவைப்படவில்லை. தெரியாதவர்கள், ஏன் தெரிந்த அண்ணன்கள்கூட, பொடியோ மிட்டாயோ எது கொடுத்தாலும் வாங்கக் கூடாது, கையில் எதையாவது கொடுத்து "அங்கே கொண்டுபோய்க் கொடு" என்றால் செய்யக் கூடாது, எது நடந்தாலும் அம்மாவிடம் சொன்னால் அடி விழாது. இதை மட்டும் சொன்னேன். சிறார் நீதிச் சட்டம் 2015-இன்படி, 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் போதைப்பொருள் கொடுத்தாலோ, அதைக் கடத்தவோ விற்கவோ அவர்களைப் பயன்படுத்தினாலோ 7 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. குற்றம் கொடுத்தவன் பேரில் என்பது பிள்ளைக்குத் தெரிந்தால் வாய் திறந்து சொல்லும்.

படி 4: திரும்பி வரும் கேள்விகளுக்குத் தயாராக இருங்கள்

"அது மூலிகைதானே, சிவமூலிகைன்னே சொல்றாங்க" என்பான். அரளியும் செடிதான் என்று சொன்னேன். அதற்குமேல் அதில் வாதம் செய்யவில்லை.

"வெளிநாட்டுல லீகல்" என்பான். உண்மைதான், மறுக்காதீர்கள். கனடாவில் 2018 முதல் அனுமதி இருக்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் கடையிலேயே விற்கிறார்கள். ஆனால் பொழுதுபோக்குக்கு அனுமதித்த அந்த மாநிலங்களிலும் 21 வயது ஆகாதவனுக்கு விற்கக் கூடாது. அவனுடைய வயதுக்கு அங்கேயும் அனுமதி இல்லை. இங்கே 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி வைத்திருப்பதும் குற்றம், பயன்படுத்துவதும் குற்றம். வடநாட்டில் கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கு விற்கிறார்களே என்று கேட்டால், அந்தச் சட்டத்தில் கஞ்சா என்பது பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி, தனி இலை அந்த வரையறைக்குள் வரவில்லை என்று விளக்குங்கள்.

மூன்றாவது கேள்விதான் கஷ்டம். "அப்பா மட்டும் குடிக்கிறாரே?"

எங்கள் வீட்டில் வந்தது. என் வீட்டுக்காரர் விசேஷ வீடுகளில் குடிப்பார். அன்றைக்கு நான் அவரைக் காப்பாற்றப் பேசியிருக்கலாம், "பெரியவங்க விஷயம்" என்று வாயடைத்திருக்கலாம். அவரே முந்திக்கொண்டார். "நான் செய்யறது சரின்னு சொல்ல மாட்டேன்யா. உன் வயசுல ஆரம்பிச்சேன், இன்னும் விட முடியல. அதனாலதான் உங்கிட்ட சொல்றேன்" என்றார். நான் புத்தகத்தில் படித்துச் சொன்ன எதையும்விட அது அவனிடம் வேலை செய்தது. அதற்கடுத்த கல்யாணத்தில் அவர் குடிக்கவில்லை. உங்கள் வீட்டில் பாட்டிலோ சிகரெட்டோ இருந்தால், அதைப் பற்றி என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கணவனும் மனைவியும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டான் என்று தெரிந்தால்

சிவந்த கண், எரிந்த இலை வாசனை, திடீர்ப் பசி, பையில் கண் சொட்டு மருந்து, காணாமல் போகும் பணம், பழைய நண்பர்களை விட்டு விலகுவது. இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். இரவெல்லாம் போன் பார்த்தாலும் கண் சிவக்கும்.

உறுதியாகத் தெரிந்த அன்று பேசாதீர்கள். அவன் போதையில் இருக்கும்போது பேசினாலும் பயனில்லை, நீங்கள் கோபத்தில் இருக்கும்போது பேசினாலும் பயனில்லை. அடிக்க வேண்டாம், ஊரைக் கூட்ட வேண்டாம், மாமாவை வரவழைத்து மிரட்ட வேண்டாம். மறுநாள், "பார்த்தேன். பயமா இருக்கு. எப்ப இருந்து, எதுக்காக?" என்று கேளுங்கள். "எதுக்காக" என்பதில்தான் விஷயம் இருக்கும். தூக்கம் வராமல் இருக்கலாம், பள்ளியில் யாரோ படுத்துவதாக இருக்கலாம், பரீட்சைப் பயமாக இருக்கலாம்.

தினமும் பயன்படுத்தியவன் நிறுத்தினால் முதல் ஒரு வாரம் எரிந்து விழுவான், தூங்க மாட்டான், சாப்பாடு இறங்காது. இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தணியும். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டிலிருந்தே பேச 14416 (டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம்), போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098. வைத்தியத்துக்குப் போனால் கேஸ் ஆகிவிடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். பயன்படுத்தியதற்கோ சிறு அளவு வைத்திருந்ததற்கோ வழக்கு வந்திருந்தால்கூட, அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு பெற முன்பு சொன்ன 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழி வைத்திருக்கிறது.

படி 6: வீட்டுக்கு வரும் வழியைத் திறந்து வையுங்கள்

இதை முதல் படியாகவே எழுதியிருக்கலாம். "வேண்டாம்னு சொல்லு" என்று சொல்லிக்கொடுப்பது சுலபம், நாலு பேர் சுற்றி நிற்கும்போது சொல்வது சுலபமில்லை. அதனால் நாங்கள் ஒரு குறிச்சொல் வைத்துக்கொண்டோம். "அம்மா, பால் வாங்கணுமா?" என்று மெசேஜ் வந்தால் நான் உடனே போன் செய்வேன். "சென்னை அத்தை வந்துட்டாங்க, கெளம்பு" என்று அவன் நண்பர்கள் காதில் விழும்படி சத்தமாகச் சொல்வேன். அவன் சலித்துக்கொண்டே கிளம்பலாம், பழி என் மேல். நான் போய்க் கூட்டி வருவேன். அன்று இரவு ஒரு கேள்வியும் கிடையாது. அதுதான் ஒப்பந்தம்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, இரவு ஏழரை மணிக்கு அந்த மெசேஜ் வந்தது. போன் செய்தேன், அத்தை வந்திருக்கிறார் என்று கத்தினேன், வண்டியை எடுத்தேன். வழி முழுக்க அவன் பேசவில்லை. நானும் கேட்கவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டுதான் ஓட்டினேன். மறுநாள் காலை மூன்றாவது தோசையைத் தட்டில் வைக்கும்போது, "நேத்து என்ன நடந்துச்சுன்னா" என்று அவனே ஆரம்பித்தான். அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.