நண்பரிடம் இயேசுவைப் பற்றிப் பேசுவது எப்படி? முதல்முறை பேசுகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உரத்த குரலில் பாடுகிற நம்மில் பலருக்கு, திங்கட்கிழமை அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் "நேற்று என்ன விசேஷம்?" என்று கேட்டால் "சர்ச்சுக்குப் போயிருந்தேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை. மதம் மாற்றப் பார்க்கிறான் என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம் ஒரு காரணம். நற்செய்தி சொல்வதென்றால் கன்வென்ஷன் மேடைப் பிரசங்கியார் போலப் பேசவேண்டும் என்ற எண்ணம் இன்னொரு காரணம். நண்பரோடு அப்படிப் பேசத் தேவையே இல்லை. "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்" சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார் பேதுரு (1 பேதுரு 3:15). நண்பர் கேட்கவேண்டும், நாம் ஆயத்தமாக இருக்கவேண்டும். இந்தப் பதிவு முழுவதும் அந்த ஆயத்தத்தைப் பற்றியதுதான்.

முதல் படி: அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேளுங்கள்

தமிழ்நாட்டில் இயேசுவைக் கேள்விப்படாத நண்பர் அபூர்வம். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706-இல். அதற்கும் முன்பே முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கத்தோலிக்கர்களாகியிருந்தார்கள். உங்கள் நண்பர் மிஷன் பள்ளியில் படித்து, காலை வணக்கத்தில் பரமண்டல ஜெபத்தை மனப்பாடமாகச் சொன்னவராக இருக்கலாம். அவருடைய அம்மா ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்கு நேர்த்திக்கடன் செலுத்துகிறவராக இருக்கலாம். தெருமுனைப் பிரசங்கத்தில் தன் வீட்டுச் சாமியை யாரோ ஏசியதைக் கேட்டு மனம் புண்பட்டவராகவும் இருக்கலாம்.

ஆகவே பேசுவதற்கு முன் கேளுங்கள். "உங்கள் வீட்டில் எந்தச் சாமியைக் கும்பிடுவீர்கள்? உங்களுக்கு எது பிடிக்கும்?" என்று உண்மையான ஆவலோடு விசாரியுங்கள். அவர் குலதெய்வக் கோயில் கொடையைப் பற்றிச் சொன்னால், முழுவதும் கேளுங்கள். இடையில் வசனம் சொல்லாதீர்கள். சமாரியப் பெண்ணிடம் இயேசு முதலில் கேட்டது தண்ணீர்தான் (யோவான் 4). அவள் கேள்விமேல் கேள்வி கேட்கக் கேட்கத்தான் உரையாடல் ஆழத்துக்குப் போகிறது.

இரண்டாம் படி: உங்கள் சாட்சியைப் பத்து வரியில் எழுதிப் பாருங்கள்

அகிரிப்பா ராஜாவின் முன் நின்ற பவுல் தன் கதையை மூன்று பகுதியாகச் சொல்கிறார்: முன்பு எப்படி இருந்தேன், இயேசுவை எப்படிச் சந்தித்தேன், பிறகு என்ன ஆயிற்று (அப்போஸ்தலர் 26). அதே வரிசையில் எழுதுங்கள். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கும்படி இருக்கட்டும்.

"நான் குடிகாரனாக இருந்ததில்லை, சாகக் கிடந்து பிழைத்ததில்லை, எனக்கு என்ன சாட்சி?" என்று பரம்பரைக் கிறிஸ்தவர்கள் கேட்பதுண்டு. ஒன்றையும் பெரிதுபடுத்தாதீர்கள், நடக்காததைச் சேர்க்காதீர்கள். கிறிஸ்தவ வீட்டில் பிறந்த ஒருவர் இப்படிச் சொல்லலாம்: "சின்ன வயதிலிருந்து சர்ச்சுக்குப் போகிறேன். ஆனால் அப்பா இறந்தபோதுதான், கடவுள் என்னோடு இருக்கிறாரா என்று முதன்முறையாக நானே கேட்டேன். அந்த மாதங்களில் ஒவ்வொரு இரவும் சங்கீதங்களை வாசித்தேன். அழுகை நிற்கவில்லை. ஆனால் தனியாக அழுகிறேன் என்ற எண்ணம் போய்விட்டது." இது போதும். யோவான் 9-இல் பார்வை பெற்றவனிடம் பரிசேயர்கள் வாதம் செய்கிறார்கள். அவனோ தான் குருடனாக இருந்ததையும் இப்போது காண்பதையும் மட்டும் சொல்லி நிற்கிறான். அதை யாராலும் மறுக்க முடியவில்லை.

எழுதியதை ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். சபைக்குள் மட்டும் புழங்கும் சொற்கள் இருந்தால் மாற்றிவிடுங்கள். "ஆவியானவர் உணர்த்தினார்", "பாரத்தோடு ஜெபித்தேன்" என்பதெல்லாம் நமக்குப் பழகிய பேச்சு. நண்பருக்கு அது தலையும் காலும் புரியாது. டீக்கடையில் மற்ற விஷயங்களை எப்படிச் சொல்வீர்களோ அப்படியே சொல்லுங்கள்.

மூன்றாம் படி: கேள்வி தானாக வரும் நாட்களுக்குத் தயாராகுங்கள்

ஆண்டில் சில நாட்களில் நண்பர்களே கேட்பார்கள். கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுக்கும்போது வரும் கேள்விகள் எளிது. லெந்து நாட்களில் மதியச் சாப்பாட்டில் மீனோ கறியோ எடுக்காமல் இருந்தால் "ஏன், என்ன ஆயிற்று?" என்பார்கள். புனித வெள்ளி வந்தால் யாராவது ஒருவர் அன்போடு "ஹேப்பி குட் ஃப்ரைடே" என்று வாழ்த்துவார். சிரிக்காதீர்கள், திருத்தவும் அவசரப்படாதீர்கள். முதலில் நன்றி சொல்லுங்கள். பிறகு: "அன்று இயேசு சிலுவையில் இறந்த நாள். பகல் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை சர்ச்சில் உட்கார்ந்து, அவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிப்போம். தன்னை ஆணியடித்தவர்களை மன்னிக்கும்படி வேண்டியதுதான் அதில் முதலாவது." இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். மீதியை அவர் கேட்டால் சொல்லலாம். கேட்காவிட்டாலும் அந்த ஒரு செய்தி அவர் மனத்தில் கிடக்கும்.

நான்காம் படி: ஒரு கதையை நன்றாகச் சொல்லப் பழகுங்கள்

விசுவாசத்தின் சாரத்தைக் கோட்பாடாக விளக்கப் போனால் ஆரம்பநிலையில் திணறுவீர்கள். லூக்கா 15-இல் உள்ள இளைய மகனின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். என் கணிப்பில், நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை. தகப்பன் உயிரோடு இருக்கும்போதே "என் பங்கைப் பிரித்துக் கொடு" என்று ஒரு மகன் கேட்டால் ஊர் என்ன பேசும், அந்தத் தகப்பன் எப்படித் தலைகுனிந்து தெருவில் நடப்பார் என்பதைத் தமிழ்க் குடும்பங்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. பாகப்பிரிவினைப் பத்திரத்தால் பேச்சு வார்த்தை அற்றுப்போன அண்ணன் தம்பிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட மகன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பன்றி மேய்த்து, பசியோடு திரும்பி வருகிறான். அவன் தூரத்தில் வரும்போதே தகப்பன் பார்த்துவிடுகிறார். வயதான மனிதர், ஊர் பார்க்க, ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். அவன் தயார்செய்து வைத்திருந்த மன்னிப்புப் பேச்சை முடிக்கக்கூட விடவில்லை. வீட்டிலேயே இருந்து உழைத்த மூத்தவனுக்குக் கோபம் வருகிறது. தகப்பன் அவனையும் வெளியே வந்து கெஞ்சி அழைக்கிறார். கதை அதோடு நின்றுவிடுகிறது. மூத்தவன் உள்ளே போனானா என்று இயேசு சொல்லவில்லை.

"கடவுள் அந்தத் தகப்பனைப் போன்றவர் என்று நாங்கள் நம்புகிறோம். அவர் ஓடி வந்ததுதான் இயேசு" என்று ஒரே வரியில் சொல்லுங்கள். பிறகு "இந்தக் கதையில் உங்களுக்கு யார்மேல் கோபம் வருகிறது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மூத்தவனுக்குப் பரிந்துதான் பேசுவார்கள். பேசட்டும். அதுவே நல்ல உரையாடல்.

ஐந்தாம் படி: கடினமான கேள்விகள்

"எல்லாச் சாமியும் ஒன்றுதானே?" இதை நண்பர் பெரும்பாலும் சண்டைக்காகக் கேட்பதில்லை, நம்மோடு ஒட்டி நிற்கத்தான் சொல்கிறார். அந்த நல்லெண்ணத்தை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். பிறகு, "என் அனுபவத்தில் இயேசுவின் மன்னிப்பைப் போல ஒன்றை நான் வேறெங்கும் காணவில்லை, அதனால்தான் அவரையே பிடித்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லலாம். உங்கள் நம்பிக்கையை மழுப்பவும் வேண்டாம், அவருடையதை மட்டந்தட்டவும் வேண்டாம்.

கோயில் பிரசாதம் கொடுத்தால்? சபைகளுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை. 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களைப் படித்து, உங்கள் மனச்சாட்சிக்கு எது சரியென்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். வாங்காதவராக இருந்தால், முகம் சுளித்தோ ஓடி ஒளிந்தோ மறுக்காதீர்கள். "எனக்காக நினைத்து எடுத்து வந்ததற்கு மிகவும் நன்றி. என் நம்பிக்கையின்படி நான் சாப்பிடுவதில்லை, தவறாக நினைக்காதீர்கள்" என்று கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். அதே நண்பரின் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போய்ப் பந்தியில் பரிமாறுங்கள்.

பதில் தெரியாத கேள்விக்கு "தெரியவில்லை, படித்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்பது முழுமையான பதில். சொன்னபடி படித்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

ஆறாம் படி: துயரத்தில் இருப்பவருக்காக ஜெபிப்பது

மகளுக்கு அறுவைச் சிகிச்சை, வேலை போய்விட்டது என்று நண்பர் சொன்னால் முதலில் ரத்தம் தேவையா, பணம் தேவையா, யாரையாவது அழைத்துப் போகவேண்டுமா என்று கேளுங்கள். அதன்பின் "உங்களுக்காக ஜெபிக்கலாமா?" என்று அனுமதி கேளுங்கள். சரி என்றால் மெல்லிய குரலில், மூன்று நான்கு வாக்கியங்கள். மருத்துவமனை வார்டில் குரலை உயர்த்தவேண்டாம். குணமாகிவிடும் என்று வாக்குக் கொடுக்கவேண்டாம். இரண்டு வாரம் கழித்து "மகள் எப்படி இருக்கிறாள்?" என்று கேட்க மறக்கவேண்டாம்.

உதவியையும் நற்செய்தியையும் ஒருபோதும் ஒன்றாக முடிச்சுப் போடாதீர்கள். கடன் கொடுத்துவிட்டுச் சர்ச்சுக்கு அழைப்பது தவறு. அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு ஒருவர் தம் மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் அந்த உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்தது. ஆசை காட்டியோ பயமுறுத்தியோ மதம் மாற்றுவதைக் குற்றமாக்கும் சட்டங்கள் உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், குஜராத் போன்ற மாநிலங்களில் உள்ளன; அங்கே வேலை பார்ப்பவர்கள் இதை அறிந்திருக்கவேண்டும். சட்டம் இல்லாத இடத்திலும் நமக்கு இதே அளவுகோல்தான்: ஆசைக்கும் பயத்துக்கும் பிறக்கிற விசுவாசத்தை இயேசு யாரிடமும் கேட்டதில்லை.

ஏழாம் படி: மேலும் அறிய விரும்பினால்

முழு வேதாகமத்தையும் கையில் திணிக்காதீர்கள். மாற்கு நற்செய்தியைக் கொடுங்கள். பதினாறே அதிகாரம், ஓர் உட்காரலில் வாசித்துவிடலாம். பழைய மொழிபெயர்ப்பின் நடை புதியவருக்குக் கடினம் என்றால் 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைக் கொடுங்கள். வாசித்தபின் "எது பிடித்தது, எது உறுத்தியது?" என்று இரண்டையும் கேளுங்கள்.

அவசரம் வேண்டாம். இரட்சணிய யாத்திரிகம் என்ற கிறிஸ்தவக் காப்பியத்தைப் பாடிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். சாயர்புரத்தில் கிறிஸ்தவர்கள் நடுவே தமிழாசிரியராகப் பணியாற்றியவர். 1858-இல் அவர் ஞானஸ்நானம் பெற்றபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. உங்கள் நண்பர் ஒருபோதும் அந்த முடிவுக்கு வராமலும் போகலாம். அப்போதும் அவர் உங்கள் நண்பர்தான். அழைப்பும் விருந்தும் குறையக்கூடாது.

அவராகவே சர்ச்சுக்கு வருகிறேன் என்றால், முந்தின நாளே சில விவரங்களைச் சொல்லிவிடுங்கள்: ஆராதனை எவ்வளவு நேரம் நடக்கும், எப்போது எழுந்து நிற்போம், காணிக்கைப் பை வந்தால் அவர் எதுவும் போடவேண்டியதில்லை, திருவிருந்து நேரத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கலாம். பின்வரிசையில் அவர் பக்கத்தில் உட்காருங்கள். பாட்டுப் புத்தகத்தில் எண்ணை எடுத்துக் கொடுங்கள். முடிந்ததும் ஆயரிடமும் மூப்பரிடமும் இழுத்துப் போய் நிறுத்தாமல், நேரே காலைச் சிற்றுண்டிக்கு அழைத்துப் போங்கள். அவருக்குக் கேள்விகள் இருக்கும்.