அலையின் முதுகைப் பார்த்து ஏமாறாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலி மாவட்டக் கடலோர ஊரான உவரியில் இரண்டு இளைஞர்கள் புத்தம் புதிய கயாக்குகளை, அதாவது சிறு துடுப்புப் படகுகளை, இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆடி மாதம், காலை மணி பத்தரை. கரையோரக் கடல் தாம்பாளம் போலக் கிடந்தது. “ஓங்கில் வருமா அண்ணாச்சி?” என்று ஒருவர் டால்பினைப் பற்றிக் கேட்டார். “அது வரும். நீங்கள் திரும்பி வருவீர்களா?” என்றேன். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தார்கள். 12 ஆண்டுகளுக்கு முன் இதே மணலில் அதே கேள்வியைக் கேட்டவன் நான் என்பதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லைஃப் ஜாக்கெட் போடுங்கள், குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதுகூடத் தெரியாதவருக்குக் கடலில் வேலை இல்லை.

தட்டையான கடலை நம்புவது

இன்றைக்கும் என்னை எரிச்சல்படுத்துகிற தவறு இதுதான். நம் கரை தென்கிழக்கைப் பார்த்த கரை. ஆனி பிறந்துவிட்டால் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் புகுந்து பிய்த்துக்கொண்டு வரும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டிருப்பது அதற்காகத்தான். நம் பக்கம் வரும்போது அது தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று. அலை எழும்ப வேண்டுமானால் காற்று தண்ணீர் மேல் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். கரையோரத்தில் அதற்கு இடம் இல்லை, ஆகவே கடல் தட்டை. ஓரிரு கிலோமீட்டர் தாண்டினால் இடம் தாராளம்.

இன்னொரு வஞ்சனையும் உண்டு. அந்த அலைகள் நம்மை விட்டு விலகிப் போகிறவை. அவை நுரைத்து உடைவது அந்தப் பக்கம். கரையில் நிற்பவருக்குத் தெரிவது முதுகு மட்டும், அது வழவழவென்றுதான் இருக்கும்.

12 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த நாளில் நான் இறங்கிய பத்தாவது நிமிடம் நான்கைந்து முதுகுத் துடுப்புகள் தெரிந்தன. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்தபடி ஓங்கில்கள் வெளியே நகர்ந்தன, நானும் கூடவே நகர்ந்தேன். பிறகு துடுப்பைத் தொடைமேல் கிடத்திவிட்டு இருநோக்கியை எடுத்துக்கொண்டேன். காற்று பின்னாலிருந்து தள்ளியதால் காற்று அடிப்பதே உறைக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது கப்பல் மாதா கோயில் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியிருந்தது. முகத்தைத் திருப்பியதும் அறைந்தாற்போல் காற்று.

அமைதியான நீரில் கயாக் மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் போகும். அந்த எதிர்க்காற்றில் அரை மணி நேரம் துடுப்பு வலித்தும் கோயில் அதே தீப்பெட்டிதான். வலையை முடித்துத் திரும்பிய ஒரு ஃபைபர் படகுக்காரர்கள் கயிறு வீசினார்கள். மண்ணெண்ணெய்க்குக்கூடக் காசு வாங்கவில்லை. அவர்களில் மூத்தவர் கரையில் வைத்து ஒன்றே ஒன்று கேட்டார்: “ஏன் தம்பி, பனையைப் பார்க்கவில்லையா?” அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். வாரிவிட்ட தலைமுடி போல எல்லா ஓலையும் கடலைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. இருநோக்கி கடலோடு போயிற்று. இடது தோளோடு மூன்று மாதம் மல்லுக்கட்டினேன்.

ஆகவே கடலைப் பார்க்கும் முன் தரையைப் பாருங்கள். வள்ளியூர், ராதாபுரம் வழியாக வருகிறவர்களுக்குக் காற்றாலைகளே சொல்லிவிடும். தேரிக்காட்டுச் செம்மண் பறந்தால் பேச்சே இல்லை, வீட்டுக்குப் போங்கள். காற்று மட்டாக இருந்தால் விடியற்காலையில் இறங்கி, கரையை ஒட்டியே கூத்தங்குழிப் பக்கமாகக் காற்றை எதிர்த்துப் போங்கள். 200 மீட்டருக்குள் ஒருமுறை கரையை நோக்கித் திரும்பி வலித்துப் பாருங்கள், அதிலேயே உங்கள் கைக்கு விடை தெரிந்துவிடும். ஓங்கிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கரையைப் பாருங்கள். அங்கே நிற்பவர்களின் கால்கள் தனித்தனியாகத் தெரியாவிட்டால் ஓங்கிலுக்கு விடை கொடுங்கள். மீறி மாட்டிக்கொண்டால் கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554. கயாக்கை விட்டுவிட்டு நீந்தத் துணியாதீர்கள், மிதப்பது அது ஒன்றுதான்.

அலையை எண்ணாமல் இறங்குவது

பெரிய அலைகள் கூட்டமாக வரும். இடையில் கிடைக்கும் அமைதியைப் பார்த்து இறங்குகிறவர் அடுத்த கூட்டத்தில் கவிழ்வார். கால் மணி நேரம் மணலில் உட்கார்ந்து எண்ணுங்கள். சித்திரை, வைகாசியில் இன்னும் கவனம் வேண்டும். தெற்கே வெகு தொலைவில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து ஏறும். அதற்குத்தான் கள்ளக்கடல் என்று பெயர். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தது அப்படியொரு நாளில்தான். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. அதில் எல்லோரும் உயரத்தை மட்டும் படிக்கிறார்கள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் எத்தனை நொடி என்று பாருங்கள். 15 நொடியைத் தாண்டினால் ஒரு மீட்டர் அலைகூடக் கரையில் ஆளைப் புரட்டும்.

ஓங்கிலின் பாதையில் போய் நிற்பது

கயாக்குக்குச் சத்தம் இல்லை, அதனால் தொந்தரவும் இல்லை என்பது நம் கற்பனை. இன்ஜின் படகு வருவது ஓங்கிலுக்கு முன்கூட்டியே கேட்கும். நாம் திடீரென்று முளைக்கிறோம். பக்கவாட்டில், விலகி, ஒரே வேகத்தில் போங்கள். உங்களால் அது திசை மாறினால் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். குட்டியோடு வந்தால் துடுப்பை நிறுத்திவிடுங்கள்.

ஆமையைக் ‘காப்பாற்றுவது’

பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) மேலே மிதந்தாலே நோய் என்று முடிவு கட்டாதீர்கள். வெயில் காயலாம், இணையோடு இருக்கலாம். தூக்கிப் படமெடுப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சொறி

சொறி என்றால் ஜெல்லி மீன். தொடாதீர்கள், கரையில் செத்துக் கிடந்தாலும்.

கூடங்குளம்

அந்தப் பக்கம் கயாக்கைத் திருப்பவே வேண்டாம்.

ஒதுங்கிய திமிங்கிலத்தை உடனே தள்ளுவது

2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு கரையில் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. மீனவர்களும் அதிகாரிகளும் கடலுக்குள் இழுத்துவிட்ட பலவும் மறுபடி கரைக்கே வந்தன. கூட்டத்தை விட்டுப் பிரியாத உயிர் அது. உயிரோடு கிடந்தால் ஈரத்துணி போர்த்துங்கள், தலைமேலுள்ள மூச்சுத் துளையில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வனத்துறையை அழையுங்கள். வாலைப் பிடித்து இழுக்காதீர்கள்.

கரையேறும் அவசரம்

திரும்பி வரும்போது கரையில் உடையும் அலைகளுக்கும் முதுகுதான் தெரியும். கடலிலிருந்து பார்த்து முழங்கால் உயரம் என்று நினைத்தது நெஞ்சுயரம் இருக்கும். உடைகிற இடத்துக்கு வெளியே காத்திருந்து, பெரிய கூட்டம் போன பிறகு, கடைசி அலையின் பின்னாலேயே வாருங்கள்.

அந்த இரண்டு இளைஞர்களும் மதியம் ஒன்றரைக்கு உவரி திரும்பினார்கள், தரை வழியாக. கூடுதாழையில் எப்படியோ கரையேறி, கயாக்குகளை ஒரு டெம்போவில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஓங்கில் ஒன்றுகூடத் தென்படவில்லையாம்.